ஐந்து புள்ளி எட்டு சென்டிமீட்டர்

அக்டோபர் 3, திங்கள்

மதியம் படுத்தபடியே செபமாலை மாதத்து ஜெபங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். கை வலித்ததால் புத்தகத்தை வயிற்றின்மேல் கவிழ்த்து வைத்தேன். புத்தகம் அசைந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தேன். அப்போதும் அசைந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு எண்பத்திரண்டு. தொப்புளுக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியில் ஒரு தவளை உட்கார்ந்து தொண்டையை உப்பவைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

எழுந்து போய்க் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நேற்றைய பக்கத்தில் கிழமையைத் தவறாக எழுதியிருந்தேன். ஒரே கோட்டில் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டேன். போர்டிங்கில் துணிப் பதிவேட்டை நான் எழுதிய இரண்டு வருடமும் சிஸ்டர் இமெல்தா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தவறை அழிக்கக் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. ஒரே கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். எழுதியவர் கையெழுத்தும் பார்த்தவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். இந்த வீட்டில் பார்ப்பவர் யாரும் இல்லாததால் ஒன்பது வருடமாக ஒரு கையெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வேலைக்காரி பேச்சி கொல்லைச் சுவரில் மறுபடியும் வெற்றிலை துப்பியிருக்கிறாள். தண்ணீர் ஊற்றிக் கழுவவைத்தேன்.

“எழுபத்தெட்டு வயசுலயும் இந்தக் கண்ணு எப்படித்தான் பாக்குதோ” என்று முணுமுணுத்தாள். “இந்தாங்க, கடையில நாலுதான் இருந்துச்சு. நாளைக்கு வரும்னான்.”

அவள் வாங்கி வந்ததை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். மாலை மொட்டைமாடிக்குப் போய்க் காற்று வாங்கினேன்.

அக்டோபர் 4, செவ்வாய்

வேறு புத்தகம் வைத்துப் பார்த்தேன். அதுவும் அசைகிறது.

அக்டோபர் 7, வெள்ளி

முதுகின் கீழ்ப்பக்கம் ஒரு மாதமாக இருந்த வலி இப்போது உட்காரவிடுவதில்லை. டாக்டர் பிரின்ஸின் கிளினிக்குக்குப் போனேன். காத்திருக்கும் பெஞ்சில் யாரோ பிஸ்கட்டை நசுக்கி வைத்திருந்தார்கள். கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தேன்.

டாக்டர் பிரின்ஸுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு கண் போனில், ஒரு கண் என்மேல்.

“கேஸ்தான் ஆன்ட்டி. ராத்திரி கிழங்கு ஏதும் சாப்பிட்டீங்களா?”

“நான் உங்களுக்கு ஆன்ட்டி இல்லை. மிஸஸ் ரொட்ரிகோ.”

புடவையை விலக்கச் சொன்னார். மேலாகவே பாருங்கள் என்றேன். எட்டு வருடம் போர்டிங்கில் பாவாடையைக் கழற்றாமல் குளித்துப் பழகியவள் நான். அவர் புடவைக்கு மேலேயே இரண்டு விரலால் தொட்டுவிட்டு, கேஸுக்கு மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார். நான் பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்து, மேஜையில் படுத்து, வயிற்றில் வைத்தேன்.

“பாருங்கள்” என்றேன்.

பார்த்தார். போனைக் கீழே வைத்தார். அதன் பிறகு அவர் ஆன்ட்டி என்று சொல்லவில்லை. நாளைக் காலை வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்குப் போகச் சொல்லி அவரே எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

அக்டோபர் 8, சனி

ஸ்கேன் எடுக்கும் பெண் வயிற்றில் ஏதோ கூழைப் பிதுக்கினாள். சளியைப் பூசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சீரியல் கதை பேசினாள். பாதியில் கதையை நிறுத்திவிட்டாள். “சாரைக் கூப்பிடு” என்றாள்.

பெயரை எழுதி வாங்கினேன். வயிற்றுப் பெருந்தமனி வீக்கம். இதயத்திலிருந்து கிளம்பி முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெரிய இரத்தக்குழாய். இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டியது. எனக்கு ஐந்து புள்ளி எட்டு இருக்கிறது.

துணிக்கடையில்கூட எனக்கு அளவு இவ்வளவு தப்பியதில்லை.

அக்டோபர் 10, திங்கள்

டாக்டர் பிரின்ஸ் என்னைக் கேட்காமல் ஜெசிக்குப் போன் செய்திருக்கிறார். என் மகள் மதுரையிலிருந்து விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, எட்டு மணிக்கு வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மூக்கைச் சுருக்கினாள்.

“டாடி போய் ஒன்பது வருஷம் ஆச்சு. இந்த வீட்டுச் சுவரு இன்னும் சுருட்டு நாத்தம் அடிக்குது மம்மி. பெயின்ட் அடிச்சாத்தான் போகும்.”

பேச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அது லேசுல போவாது பாப்பா” என்றாள். அவளை முறைத்தேன்.

அக்டோபர் 17, திங்கள். மதுரை

பெரிய ஆஸ்பத்திரி. பினாயில் வாசனைக்கு அடியில் சாம்பார் வாசனை. உடுத்தத் தந்த பச்சை அங்கிக்கு முதுகுப்பக்கம் துணியே இல்லை, மூன்று நாடா மட்டும். அதில் ஒன்று அறுந்திருந்தது. ஊசியும் நூலும் கேட்டேன். அங்கி கொண்டுவந்த பையன் என்னைப் பைத்தியம்போல் பார்த்தான்.

சி.டி. ஸ்கேனுக்காகக் கையில் மருந்து ஏற்றினார்கள். உடம்பு முழுவதும் சூடு பரவி, படுக்கையை நனைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். “எல்லாருக்கும் அப்படித்தான் தோணும் பாட்டிம்மா, ஒண்ணும் ஆகல” என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொன்னது. அடுத்த அறை முழுவதும் கேட்டிருக்கும்.

அக்டோபர் 18, செவ்வாய்

அறுவை மருத்துவர் டாக்டர் ஆவுடையப்பன். இரத்தக்குழாய்களுக்கென்றே படித்தவர். நகங்கள் சுத்தமாக வெட்டியிருந்தன. அதனால் உட்கார்ந்து கேட்டேன்.

“சைக்கிள் டியூப் ஒரு இடத்துல மட்டும் உப்புமே, பாத்திருக்கீங்களா அம்மா? அந்த மாதிரி.”

“என் உடம்பு சைக்கிள் கடை இல்லை டாக்டர்.”

ஜெசி என் காலைத் தட்டினாள். அவர் சிரிக்காமல், “சரி, குழாய்னே சொல்றேன்” என்றார். பெண்களுக்கு ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலே சரிசெய்துவிட வேண்டுமாம். வெடித்தால் பாதிப்பேருக்கு மேல் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து சேர்வதில்லை. வயிற்றைத் திறந்து செய்வது ஒரு வழி. என் வயதுக்கு அவர் விரும்புவது இன்னொரு வழி. இரண்டு தொடை இடுக்கிலும் சின்னத் துளை போட்டு, இரத்தக்குழாய் வழியாகவே ஒரு துணிக்குழாயை மடக்கிக் கொண்டுபோய் உள்ளே விரித்துவிடுவது. அதன் பிறகு இரத்தம் அந்தத் துணிக்குள் ஓடும், உப்பிய சுவரை முட்டாது.

மாதிரி ஒன்றைக் காட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மெல்லிய பாலியெஸ்டர். கம்பி வளையங்களைத் துணியோடு பிடித்துத் தைத்திருந்தார்கள். சீரான தையல், ஒரு முடிச்சும் வெளியே தெரியவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் நான் பார்த்த ஒரே ஒழுங்கான பொருள்.

“தையல் பரவாயில்லை” என்றேன்.

“நல்லவேளை, துணி பாஸாயிடுச்சு” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக் கேள்விகள் கேட்டார். சர்க்கரை? இல்லை. கூடப் பிறந்தவர்களுக்கு இப்படி வீக்கம்? இல்லை. புகைப்பழக்கம்?

“இல்லை” என்றேன்.

“இது வர்ற பத்துல ஒன்பது பேரு புகை பிடிச்சவங்க. அதான் அழுத்திக் கேக்குறேன்.”

“எங்க டாடி பிடிச்சார் டாக்டர்” என்றாள் ஜெசி. “நாப்பது வருஷம். வீட்டுக்குள்ளேயே. மம்மி சுவாசிச்சதெல்லாம் அதைத்தான்.”

அவர் எழுதிக்கொண்டார்.

ஆம், என் கணவர் சுருட்டு பிடித்தார்.

அக்டோபர் 20, வியாழன்

ஜெசியின் ஃபிளாட் நான்காவது மாடியில். மொட்டைமாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். குளியலறைக்கு ஜன்னல் இல்லை. தலைவலி. கை நடுங்குகிறது. காபியில் மண் வாசனை.

அக்டோபர் 22, சனி

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நஸ்ரீன் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். எத்தனை வாய் பட்ட குழாயோ. புதியது என்று உறையைக் காட்டினார். நம்பினேன். மூன்று தடவை ஊதினேன். மூன்றாவது தடவை இருமி, அவர் கைக்குட்டையில் துப்ப நேர்ந்தது. என் வாழ்க்கையில் பிறர் முன்னால் துப்பியது அதுதான் முதல் முறை.

அவர் தாளைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். மடியில் மடித்து வைத்துக்கொண்டேன்.

“இது புகை பிடிக்கிறவங்க நுரையீரல் மாதிரி இருக்கே அம்மா.”

“நான் சொன்னேனே டாக்டர், டாடி” என்றாள் ஜெசி.

டாக்டர் நஸ்ரீன் அவளைப் பார்க்கவில்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்ககிட்ட சொல்றது வெளிய போகாது” என்றார் மெதுவாக.

“காபி அதிகம் குடிப்பேன்” என்றேன்.

அக்டோபர் 23, ஞாயிறு

பூசையிலிருந்து திரும்பி வந்தபோது ஹாலில் ஜெசி நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். என் கணவரின் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்கிறாய்?”

“இவர் முகத்தைத் தினம் பாத்துக்கிட்டு என்னால சாப்பிட முடியாது மம்மி. உங்க வயித்துல குண்டு வச்சுட்டுப் போயிருக்கார்.”

படத்தைச் செய்தித்தாளில் சுற்றி, பரண்மேல் பழைய மிக்ஸிக்குப் பக்கத்தில் தள்ளினாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளிறிச் சதுரமாகத் தெரிகிறது. அதன் ஓரங்களில் ஒட்டடை. துடைக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மகள் மெரில் பிறந்தது தூத்துக்குடியில் எங்கள் வீட்டில். தொண்ணூற்றாறில். அப்போதும் ஜெசி இப்படித்தான் மூக்கைச் சுருக்கினாள். “சுருட்டை விடுற வரைக்கும் டாடி பாப்பாவைத் தொடக்கூடாது” என்றாள். மூன்று மாதம் அவர் அறை வாசலில் நின்றுதான் குழந்தையைப் பார்த்தார். துறைமுகத்திலிருந்து வந்து, குளித்து, சட்டை மாற்றி, வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார். அங்கிருந்தே ஒரு விரலை ஆட்டுவார்.

பிறகும் அவள் குழந்தையை அவரிடம் கொடுக்கவில்லை. குழந்தை வளர்ந்து தானாக நடந்தபோது அவரிடம் போகப் பழகியிருக்கவில்லை.

போதும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி நெய்யில் மிதந்தது. சாப்பிடவில்லை.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. தெரு முழுவதும் புகை. மம்மிக்குப் புகை ஆகாது என்று ஜெசி எல்லா ஜன்னல்களையும் சாத்தினாள். அவள் குளிக்கப் போனதும் ஒன்றைத் திறந்து, இரண்டு நிமிடம் முகத்தை வெளியே நீட்டி நின்றேன்.

அந்தப் புகையை அருவருப்பாகச் சொல்ல ஒரு சொல் தேடுகிறேன். கிடைக்கவில்லை.

அக்டோபர் 25, செவ்வாய்

ஆப்பரேஷன் தள்ளிப்போகிறது.

டாக்டர் ஆவுடையப்பன் ஜெசியிடம் விளக்கினார், நான் அறையில் இல்லாதவள்போல. “வயசாயிடுச்சு, பிரஷரும் இருக்கு, சரி. ஆனா புகை இல்ல, சுகர் இல்ல, குடும்பத்துல இல்ல. பக்கத்துல புகைச்சதால மட்டும் இவ்வளவு பெருசா வருமான்னு எனக்குச் சந்தேகம். ரத்தத்துல ஈ.எஸ்.ஆர். அளவும் அதிகமா இருக்கு. குழாய்ச் சுவரும் ஒரு பக்கம் தடிச்சிருக்கு. கிருமியால வந்த வீக்கமா இருக்கலாம். அப்படின்னா, அந்தக் கிருமிக்குள்ள நான் துணியை வச்சா துணியும் சீழ் பிடிச்சிடும். அப்புறம் அதை எடுக்கவும் முடியாது. இன்னும் சில டெஸ்ட் பாத்துடுவோம். பத்து, பன்னெண்டு நாள்.”

“அதுக்குள்ள வெடிச்சா?”

“அந்தப் பயம் எனக்கும் இருக்கு. அதனாலதான் கேக்குறேன், விட்டுப்போனது ஏதாவது இருக்கா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மேஜைமேல் டீ சிந்திய வட்டம் ஒன்று காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தேன்.

“ஒன்றும் இல்லை” என்றேன்.

அக்டோபர் 30, ஞாயிறு

புதன்கிழமை கல்லறைத் திருநாள். ஒரு வருடமும் நான் தவறியதில்லை. போக வேண்டும் என்றேன்.

“உங்களுக்கு அறிவு இருக்கா மம்மி? டாக்டர் பக்கத்துலயே இருக்கச் சொல்லியிருக்கார். யாருக்குப் பூ வைக்கப் போறீங்க? உங்களைக் கொன்னவருக்கா?”

“நான் இன்னும் சாகவில்லை. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.”

இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டாக்டருக்குப் போன் செய்து சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினாள். காரிலேயே போய், வேலை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். “நான் கல்லறைக்குள்ள வரமாட்டேன். கேட்டோட நின்னுக்குவேன்” என்றாள்.

நவம்பர் 1, செவ்வாய். தூத்துக்குடி

வீட்டுக்கு வந்ததும் பேச்சி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து, “பாதியாப் போயிட்டீகளே” என்றாள். ஜெசி மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தபோது முந்தானையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள்.

“பதினஞ்சு நாளாச்சே. பாவம்னு வாங்கி வச்சேன்.”

அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். வைத்தாள். இரண்டு தடவை அந்த டின்னிடம் போய் நின்றேன். இரண்டாம் தடவை குனிந்தபோது முதுகிலிருந்து வயிற்றுக்கு யாரோ ஈட்டியை இழுத்ததுபோல் இருந்தது. நிமிர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொடவில்லை.

ஜெசியிடம் வலியைச் சொல்லவில்லை.

நவம்பர் 3, வியாழன். ஆஸ்பத்திரி

நேற்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கே கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். மெழுகுவர்த்தி உருகிய வாடை, மிதிபட்ட பூ, யாரோ ஒரு குழந்தை கல்லறைமேல் உட்கார்ந்து இட்லி தின்றது. ஜெசி கேட்டுக்கு வெளியே காரிலேயே இருந்துவிட்டாள். பேச்சி எங்கள் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை, ஆனாலும் வருடா வருடம் வந்து அவர் கல்லறையைக் கழுவுவாள். நேற்றும் குடத்தோடு வந்திருந்தாள். நான் செவ்வந்தியைச் சிலுவையைச் சுற்றி அடுக்கினேன்.

வெயில் ஏறியதும் ஜெசி பொறுக்க முடியாமல் குடையோடு உள்ளே வந்தாள். என் தலைக்கு மேலே பிடித்தாள். கல்லில் இருந்த அவர் பெயரைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றாள். சொந்த அப்பாவின் கல்லறைக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான்கு பேர் பார்த்தார்கள்.

மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்தேன். அந்த ஈட்டி மறுபடியும் வந்தது, இந்தத் தடவை போகவில்லை. பக்கத்துக் கல்லறையில் உட்கார்ந்துவிட்டேன். அது யாருடையது என்றுகூடத் தெரியாது. வேர்த்து ஊற்றியது. ஜெசி குடையைப் போட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டு, அவர் கல்லைப் பார்த்துக் கத்தினாள்.

“பாருங்க, நீங்க பண்ணினதைப் பாருங்க!”

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“சுருட்டு என்னுதுதான்” என்றேன்.

“என்ன மம்மி?”

“சுருட்டு என்னுது. அவர் ஒரு நாளும் பிடித்ததில்லை.”

அவளுக்கு விளங்கவில்லை. வலியில் உளறுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். குடத்தை வைத்துவிட்டுப் பேச்சிதான் பேசினாள். “ஆமா பாப்பா. ஐயா போன பெறகு நான்தான் வாங்கியாந்து குடுக்கேன். அதுக்கு முன்ன ஐயாதான் வாங்குவாக.”

ஜெசி என் கையை உதறினாள். என் முகத்தைப் பார்த்தாள். கொல்லைச் சுவரில் வெற்றிலை எச்சிலைப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நேற்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

“சீ” என்றாள்.

மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். ஜெசி வயிற்றில் இருந்தபோது எனக்குக் கடைவாய்ப்பல் வலி. கர்ப்பிணிக்குப் பல் பிடுங்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மாமியார் ஒரு சுருட்டைப் பற்றவைத்து, புகையைப் பல்லில் நிறுத்து என்று கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது மருந்து, யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஜெசி பிறந்த பிறகு, எழுபதாம் வருடம், பல்லைப் பிடுங்கினார்கள். சுருட்டு நின்றுவிடவில்லை. ஒரு நாளைக்கு நான்கு.

ஜெசிக்கு எட்டு வயது இருக்கும்போது குளியலறை மாடத்தில் பாதிச் சுருட்டைக் கண்டுபிடித்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். எங்கள் கோயில் ஜெபச் சங்கமான மரியாயின் சேனைப் பெண்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் தலைவி. யாருடையது என்று குழந்தை கேட்டாள். நான் செபமாலையை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார். “என்னுதுதான்” என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று முதல் சாகும்வரை அவர் சட்டைப் பையில் ஒரு சுருட்டு இருக்கும். பற்றவைத்ததே இல்லை. மெரில் பிறந்தபோது, ஜெசியிடம் சொல்லிவிடட்டுமா என்று நான் ஒருமுறை அவரைக் கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன், கேட்ட விதம் எனக்குத் தெரியும். “விடு லெத்தி, ஊர்ல உன்னைப் பத்தி ஒரு பேரு இருக்கு” என்றார். உடனே சரி என்றேன்.

மதுரை வரும்வரை ஜெசி என்னோடு பேசவில்லை. காரை ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் டாக்டரிடம் பேசினாள். “டாக்டர், எங்க மம்மிக்கு வலி வந்துடுச்சு. கொண்டுவர்றேன். இன்னொண்ணு, எங்க மம்மி சுருட்டு பிடிப்பாங்க. அம்பத்திமூணு வருஷமா. தினம் நாலு.”

“அப்பாடா” என்றார் டாக்டர். பிறகு, “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா இந்நேரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்” என்று கோபமாகச் சொல்லி வைத்துவிட்டார்.

வந்ததும் மறுபடியும் ஸ்கேன். வெடிக்கவில்லை. ஆறு சென்டிமீட்டரைத் தொட்டிருக்கிறது. கிருமிக்கு வைத்த கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. நாளைக் காலை ஆப்பரேஷன்.

நவம்பர் 6, ஞாயிறு

எழுத முடிகிறது.

என் நுரையீரலுக்கு முழு மயக்கம் வேண்டாம் என்று டாக்டர் நஸ்ரீன் முடிவு செய்தாராம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பெண் வந்து என்னைச் சவரம் செய்தாள். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆப்பரேஷன் நடக்கும்போது விழித்திருந்தேன். ஒரு திரை. திரைக்கு அந்தப்பக்கம் என் கால்கள் யாருடையவோபோல் கிடந்தன. எக்ஸ்ரே திரையில் என் பெருந்தமனி கறுப்பாகத் தெரிந்தது. வாய் குறுகி வயிறு பெருத்த பை. ஐம்பத்துமூன்று வருடப் புகை ஊதிய பை. அந்தத் துணிக்குழாய் மெல்லிய குச்சியாக ஏறி வந்து, இடம் பார்த்து நின்று, குடைபோல் விரிந்தது. அடுத்த படத்தில் அந்தப் பையைக் காணவில்லை. இரத்தம் நேராக ஒரே கோடாக ஓடியது.

“முடிஞ்சுது அம்மா. தையல் பரவாயில்லையா?” என்றார் டாக்டர் ஆவுடையப்பன் திரைக்குப் பின்னாலிருந்து.

“உங்கள் நர்ஸ் யாரோ முனகிக்கொண்டே பாடுகிறாள். சுருதி இல்லை” என்றேன்.

ஜெசி வருகிறாள், கஞ்சி கொடுக்கிறாள், போகிறாள். இன்று ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். “மெரில்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்.”

நவம்பர் 8, செவ்வாய்

காலை ஆறு மணி. ஜெபப் புத்தகத்தை வயிற்றில் வைத்தேன். மூச்சை அடக்கினேன். அசையவில்லை. அது ஜெபப் புத்தகமாக இருந்தது, அவ்வளவுதான். நாக்கில் கசப்பு. அரிசி டின்னுக்குப் பின்னால் இருப்பதை வெளியே எறியச் சொல்லிப் பேச்சிக்குப் போன் செய்தேன். “எறிஞ்சு அஞ்சு நாளாச்சு” என்றாள்.

பெங்களூரில் இருக்கும் மெரிலுக்கும் போன் செய்தேன். சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “அப்போ தாத்தா மடியில நான் ஒரு தடவைகூட உக்காந்ததே இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள்தான் போனை வைத்தாள்.

பத்து மணிக்கு நர்ஸ் என் கேஸ் ஷீட்டைக் கொண்டுவந்தாள். வாங்கிப் பார்த்தேன். புகைப்பழக்கம் என்ற இடத்தில் “இல்லை” என்பதன்மேல் வெள்ளை மையைப் பூசி, “உண்டு” என்று எழுதியிருந்தார்கள். கட்டியாக, ஆறிய கஞ்சிபோல் அந்த வெள்ளை. இப்படித் திருத்தக் கூடாது என்றேன். இதில் என்ன இருக்கிறது என்றாள் அவள். இதில்தான் எல்லாம் இருக்கிறது என்றேன். வேறு தாளில் முதலில் இருந்தபடி “இல்லை” என்று எழுதவைத்து, ஒரே கோட்டில் அடித்து, மேலே “உண்டு” என்று எழுதவைத்துக் கையெழுத்து வாங்கினேன். அவள் போகும்போது வாசலில் நின்றிருந்த ஜெசியிடம், “எப்படித்தான் இவங்களோட இருக்கீங்க?” என்றாள்.

ஜெசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். கஞ்சியை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நில்” என்றேன்.

இந்த டயரியை எடுத்து, அக்டோபர் 18-ஐத் திறந்தேன். கேஸ் ஷீட் அட்டையின் ஓரத்தை அடிக்கோலாக வைத்து, அந்த ஒரு வரியின்மேல் ஒரே கோடு இழுத்தேன். அடியில் உள்ளது படிக்கத் தெரிகிறது. ஆம், என் கணவர் சுருட்டு பிடித்தார். மேலே, பிடித்தவள் நான் என்று எழுதினேன். லெத்தீசியா ரொட்ரிகோ என்று கையெழுத்திட்டு, டயரியை அவளிடம் நீட்டினேன்.

“இதை எதுக்கு எங்கிட்ட குடுக்கிறீங்க?”

“பார்த்தவர் கையெழுத்து வேண்டும்.”

வாங்கினாள். அந்தப் பக்கத்தோடு நிற்கவில்லை. முன்னாலும் பின்னாலும் புரட்டி நின்றபடியே படித்தாள். பிறர் டயரியைப் படிப்பதுபோல் அசிங்கம் வேறில்லை. நான் தடுக்கவில்லை. கஞ்சியில் ஆடை கட்டியது. ஒரு இடத்தில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பக்கம் என்று தெரியும். வாசலில் நின்று விரல் ஆட்டிய பக்கம். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்தாள். அதே துப்பட்டாவில் மூக்கையும் துடைத்தாள்.

பிறகு என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, என் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்.

பார்த்தவர்: ஜெசிந்தா. ஹிலாரி ரொட்ரிகோவின் மகள்.

டயரியை என் மடியில் போட்டுவிட்டு, கஞ்சியைச் சூடு பண்ண எடுத்துக்கொண்டு போனாள். கோணல்மாணலான எழுத்து, ரொட்ரிகோவில் மை இழுகியிருக்கிறது, என் பெயரின்மேல் அவள் கண்ணீரோ என்னவோ சொட்டி ஊறியிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.